பத்தாயிரம் ரூபாயும் பதினோரு நிமிஷமும்

ரொம்ப நாளாக எழுத நினைத்து, வெட்கத்தில் தள்ளிப்போட்டு வந்த விஷயம் இது.

நான் படித்தது வெறும் பி.காம். ஆனாலும் இன்றைய வங்கி வேலையில் பாதி நேரம் லாக் பார்ப்பதில்தான் போகிறது. லாக் என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு மென்பொருளும் தான் என்ன செய்தேன், எத்தனை மணிக்குச் செய்தேன் என்று எழுதி வைத்துக்கொள்ளும் டைரி. அவ்வளவுதான்.

2021 நவம்பரில் நான் அகமதாபாத்தில் இருந்தேன். மணிநகர் பக்கம் நம்மவர்கள் நிறைய பேர் உண்டு. அங்கே தள்ளுவண்டியில் இட்லி விற்கும் ஒரு அக்கா எங்கள் கிளையில் கணக்கு வைத்திருந்தார். நான் தமிழ் என்று தெரிந்த நாளிலிருந்து "தம்பி, தம்பி" என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் காலையில் வந்தார். "தம்பி, மெஷின்ல பத்தாயிரம் போட்டேன். சத்தம் வந்துச்சு, பணம் வரலை. ஆனா எடுத்தாச்சுன்னு மெசேஜ் வந்துடுச்சு. ஊர்ல அம்மாவுக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

நான் ஸ்விட்ச் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். பதில் குறியீடு 00. வெற்றி! "அக்கா, சிஸ்டம்ல பணம் கொடுத்ததா இருக்கு. பின்னாடி நின்ன யாராவது எடுத்திருப்பாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மாதக் கடைசி, கூட்டம் வேறு. (சாக்குதான், தெரியும்.)

அடுத்த வாரம் பாஸ்புக் பதிய வந்தவர் என்னை "சாஹேப்" என்றார். மீதியை ஹிந்தியில் பேசினார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் ஏ.டி.எம். ஜர்னலை வரவழைத்தேன்.

இங்கே கொஞ்சம் விளக்கம் தேவை. நாம் ஏ.டி.எம். என்று ஒன்றாக நினைப்பது உண்மையில் பல துண்டுகள். இயந்திரத்துக்குள் ஒரு மென்பொருள், நடுவில் செய்தியைக் கடத்தும் ஸ்விட்ச், கணக்கில் பற்று எழுதும் கோர் பேங்கிங், எஸ்.எம்.எஸ். அனுப்ப இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனி டைரி. ஒன்று செய்தது மற்றதற்குச் செய்தியாக வந்தால்தான் தெரியும். ஸ்விட்ச் எழுதிய 00 என்பதற்கு "பணம் கொடுக்கலாம், அனுமதி" என்று மட்டுமே அர்த்தம். நோட்டு அக்கா கைக்குப் போனதா என்பது அதற்குத் தெரியாது.

சரி, ஜர்னலுக்கு வருவோம். 11:42-க்குத் தேடினேன். ஒன்றுமே இல்லை! நேரத்தை விட்டுவிட்டு பரிவர்த்தனை எண்ணை வைத்துத் தேடினேன். 11:31-இல் கிடைத்தது. அந்த இயந்திரத்தின் கடிகாரம் பதினோரு நிமிஷம் பின்னால் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த எண்ணுக்குக் கீழே: நோட்டு சிக்கல், ரிஜெக்ட் பெட்டிக்குத் தள்ளப்பட்டது. அடுத்த வரியில், இணைப்புத் துண்டிப்பு. அதாவது "கொடுக்கவில்லை" என்று இயந்திரம் தன் டைரியில் ஒழுங்காக எழுதியிருக்கிறது. ஸ்விட்சுக்குச் சொல்ல முடியாமல் போயிருக்கிறது.

இதைவிட அவமானம் ஒன்று உண்டு. அந்த இயந்திரத்தில் அடுத்த முறை பணம் நிரப்பியபோது எண்ணிப் பார்த்து, 10,000 கூடுதல் என்று நாங்களே உபரிக் கணக்கில் வரவு வைத்திருந்தோம். பணமும் எங்களிடம், பதிவும் எங்களிடம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

வவுச்சரோடு சரிபார்க்காத கேஷ் புக்கை நம்பாதே என்று கல்லூரியில் ஆடிட்டிங் படித்தவன் நான். கம்ப்யூட்டர் திரையில் வந்ததும் அந்தப் பாடம் மறந்துபோயிற்று. ஒரு லாக் வரி என்பது ஒரு சாட்சி. எல்லா சாட்சிகளையும் ஒரே பரிவர்த்தனை எண்ணில் கட்டி, கடிகார வித்தியாசத்தையும் கழித்த பிறகுதான் தீர்ப்பு.

கடிகார விஷயத்தை அரசும் சும்மா விடவில்லை. 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, கணினி அமைப்புகளின் நேரம் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும்.

ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, பணம் வராத ஏ.டி.எம். பற்றை ஐந்து நாளுக்குள் திருப்பிவிட வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய், வாடிக்கையாளர் கேட்காமலே. நாங்கள் கொடுத்தது பதினேழாவது நாள். ஆக 11,200.

வண்டிக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். அக்கா தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே பாஸ்புக்கைப் பார்த்தார்.

"பத்தாயிரம் என்னோடது. இந்த ஆயிரத்து இருநூறு யாரோடது தம்பி?"

"உங்களோடதுதான்க்கா. நாங்க பண்ண தாமதத்துக்கு."

ஒன்றும் சொல்லாமல் ஒரு தட்டில் நாலு இட்லி வைத்தார். காசு கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

உங்களுக்கு இப்படி நடந்தால், ஸ்லிப்பையும் எஸ்.எம்.எஸ்.ஸையும் அழிக்காதீர்கள். "சிஸ்டத்தில் சக்ஸஸ்" என்று என்னைப் போல யாராவது சொன்னால், "ஏ.டி.எம். ஜர்னலைப் பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.