பேட்டரியை மாற்றும் முன்

தில்லியில் வரலாற்றுத் துறையில் ஆய்வு செய்யும் ஒருவர், விடுமுறைக்கு வீடு சென்றபோது அலமாரியின் அடித்தட்டில் தம் பழைய கேம் பாய் கருவியைக் கண்டெடுத்தார். மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த ‘போக்கிமான் ரெட்’ கார்ட்ரிட்ஜ் அதில் செருகியபடியே இருந்தது. புதிய பென்சில் செல்களை இட்டதும் திரை ஒளிர்ந்தது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்றது கருவி. ஆட்டக்காரர் பெயர் மட்டும் அவருடையதாக இல்லை. நான்காண்டுகளுக்கு முன் மறைந்த தந்தையினுடையது. ஏழு எழுத்துகளுக்கு மேல் இடமில்லாததால் அப்பெயர் பாதியில் நின்றிருந்தது. ஆடிய நேரம்: 61 மணி 40 நிமிடம்.

அந்த விளையாட்டில் ஒரே ஒரு சேமிப்புக்குத்தான் இடமுண்டு. மகன் விடுதிக்குச் சென்றபின் தந்தை புதிதாகத் தொடங்கிச் சேமித்திருக்கிறார். மகனுடைய பழைய ஆட்டம் அதனால் அழிந்திருக்கிறது. இதைப் பற்றி அவர் வீட்டில் ஒருநாளும் பேசியதில்லை.

தில்லி திரும்பியதும் கார்ட்ரிட்ஜைப் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் காட்டினார் ஆய்வாளர். உள்ளிருக்கும் பேட்டரி எப்போது வேண்டுமானாலும் தீர்ந்துவிடும், மாற்றினால் புதியதுபோல் ஆகிவிடும் என்றார் அவர். சேமிப்பு என்னவாகும் என்று கேட்டபோது, அது போய்விடும் என்று இயல்பாகச் சொன்னார். ஆய்வாளர் கார்ட்ரிட்ஜைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

இச்சிக்கலின் காரணம் எளிது. விளையாட்டின் நிரல் மின்சாரம் இல்லாமலும் நிலைத்திருக்கும் நினைவகத்தில் பதிந்திருக்கிறது. சேமிப்போ எஸ்ரேம் எனும் வேறொரு நினைவகத்தில் உள்ளது. சிறிதளவு மின்சாரம் ஓயாது கிடைத்தால்தான் அது தங்கும். அதற்காகவே நாணய வடிவ லித்தியம் பேட்டரி ஒன்று பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கழற்றினாலும் சேமிப்பு அழியும். கழற்றாமல் விட்டாலும் ஒருநாள் அழியும்.

1987இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’ கார்ட்ரிட்ஜிலும் இதே ஏற்பாடுதான். அதற்கு முந்தைய ஆண்டு ஜப்பானில் வந்த ‘டிராகன் குவெஸ்ட்’ விளையாட்டில் பேட்டரி இல்லை. திரையில் தோன்றும் 20 எழுத்துகளைத் தாளில் எழுதிவைத்து மறுநாள் உள்ளிட வேண்டும். ஓர் எழுத்து பிழைத்தாலும் ஆட்டம் திரும்பாது. பின்னர் வந்த பிளேஸ்டேஷனின் 128 கிலோபைட் மெமரி கார்டுக்குப் பேட்டரி தேவைப்படவில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படியெடுக்கவும் முடிந்தது. ஆனால் வீ கருவியில் ‘மரியோ கார்ட் வீ’ போன்ற சிலவற்றின் சேமிப்பை எஸ்டி கார்டுக்குப் படியெடுக்கவே அனுமதி இல்லை. ஆடியவரின் உழைப்பு ஆடியவருக்கே உரியதா என்ற கேள்வி அங்கே எழுகிறது.

ஆய்வாளர் கார்ட்ரிட்ஜ் ரீடர் ஒன்றை வாங்கினார். செம்புத் தொடுமுனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, சேமிப்பை இருமுறை படித்து, இரு படிகளும் ஒன்றே என ஒப்பிட்டு உறுதிசெய்தார். மொத்தம் 32,768 பைட்டுகள்; கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைவிட மிகச் சிறியது. விளையாட்டின் பெயர், பதிப்பு, படியெடுத்த நாள் ஆகியவற்றைக் குறித்து மூன்று இடங்களில் வைத்தார். அதன் பின்னரே பேட்டரியை மாற்றச் செய்து, சேமிப்பைக் கார்ட்ரிட்ஜில் மீண்டும் எழுதினார்.

ஆவணங்களோடு பழகுவோர் இங்கே சற்று நிற்க வேண்டும். ‘போக்கிமான் ரெட்’டின் நிரலுக்கு உலகெங்கும் எண்ணற்ற பிரதிகள் உண்டு, ஒன்று தொலைந்தாலும் குறையில்லை. அந்த 61 மணி நேரத்துக்கு வேறு பிரதி இல்லை. பழைய நூலை அழகுபடுத்துவதாக எண்ணி ஓரக் குறிப்புகளை அழிப்பவரைப் போல, நல்லெண்ணத்தோடு செய்யும் பழுதுபார்ப்பே இங்கு சான்றை அழித்துவிடக்கூடும். பொருளைக் காப்பதும் அதில் தங்கிய வாழ்வைக் காப்பதும் வெவ்வேறு பணிகள். இரண்டாவதை முதலில் செய்ய வேண்டும்.

இப்போது அவர் சில இரவுகளில் கணினியில், படியெடுத்த கோப்பைக் கொண்டு தந்தை நிறுத்திய ஊரிலிருந்து ஆட்டத்தைத் தொடர்கிறார். கார்ட்ரிட்ஜில் மட்டும் எதையும் சேமிப்பதில்லை.