மாத்திரைப் பை

உள்ளே கூப்பிடும் முன்பே, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரைக் கவனிப்பது என் வழக்கம். டாக்டர் பார்க்கிறார் என்று தெரிந்தால் சில அசைவுகள் அடங்கிவிடும்.

அந்த அம்மாவின் வாய் ஓயாமல் அசைந்தது. "எதையோ மென்னுக்கிட்டே இருக்காங்க டாக்டர். வெத்தலை போடுற பழக்கம்கூட இல்லை" என்றார் மகள். வாயில் ஒன்றும் இல்லை. பல்செட்டும் சரியாகவே பொருந்தியிருந்தது. கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடச் சொன்னேன். கவனம் கைக்குப் போனதும் நாக்கு வெளியே வந்து வந்து போனது.

"என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?"

"சுகருக்கும் பிரஷருக்கும்தான்."

"கேஸ் மாத்திரை?"

"அது தினமும் வெறும் வயித்துல. அதையும் மருந்துல சேர்க்கணுமா?"

பையைக் கவிழ்த்தோம். பான்டோபிரசோலோடு லெவோசல்பிரைடு சேர்ந்த கேப்ஸ்யூல். எப்போதோ எழுதிய பழைய சீட்டைக் காட்டியே இரண்டு வருடமாக வாங்கியிருக்கிறார்கள்.

லெவோசல்பிரைடும், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடும் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுப்பவை. பெரும்பாலான மனநோய் மருந்துகளும் இதைத்தான் செய்கின்றன. வாந்தி ஊசி போட்ட சில மணி நேரத்தில் இளவயதுக்காரரின் கழுத்து திருகி, கண் மேலே செருகுவதுண்டு. அதைப் பேய் என்று பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மாற்று ஊசி உண்டு, சீக்கிரமே சரியாகும். மாதக்கணக்கில் தடுத்தால் கதை வேறு. டோபமினை ஏற்கும் இடங்கள் கூர்மையாகிவிடுகின்றன என்பதே இன்றும் பரவலாக ஏற்கப்படும் விளக்கம். வாயும் நாக்கும் தானாக ஆடத் தொடங்கும். முதியவர்களுக்கு ஆபத்து அதிகம். இதே வகையைச் சேர்ந்த குளோர்புரோமசின் 1952இல் பாரிஸில் மனநோய்க்குப் பயன்பாட்டுக்கு வந்தது. 1957இலேயே ஜெர்மனியில் இத்தகைய வாயசைவுகள் பதிவாகின.

எல்லா அசைவுக்கும் மாத்திரை காரணமல்ல. இளவயதினர் என்றால், உடலில் செம்பு சேரும் வில்சன் நோயைத் தேடாமல் விடமாட்டேன்.

நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்ஸிபெனிடிலை, மருந்தால் வரும் இந்த வாயசைவுக்கும் எழுதிய காலம் எனக்கு உண்டு. அது இந்த அசைவைக் கூட்டவே செய்யும். அந்தத் தவறு இன்றும் உறுத்துகிறது.

கேப்ஸ்யூலை நிறுத்தினோம். முதலில் அசைவு கூடலாம் என்று மகளிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன், கூடத்தான் செய்தது. பல மாதங்கள் கழித்தே நாக்கு அடங்கியது. உதட்டோரத்தில் சிறு துடிப்பு இன்னும் இருக்கிறது.

மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் பேசுங்கள். மற்றவர்கள், அடுத்த முறை வரும்போது கேஸ் மாத்திரை அட்டையையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.