பத்துப் பேர் வெறுங்கால்... ஒருத்தர் மட்டும் பூட்ஸ்!

ஆரணி என்றால் உங்களுக்குப் பட்டுப்புடவைதான் ஞாபகம் வரும். சரித்திரப் பாடத்தில் தூங்காமல் இருந்தவர் என்றால் ராபர்ட் கிளைவும் ஞாபகத்துக்கு வரலாம். 1751-ல் எங்கள் ஊரில் ஒரு சண்டை போட்டு ஜெயித்தார் மனிதர். அதற்கப்புறம் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு ஏறுமுகம்தான். சரியாக 160 வருஷம் கழித்து அந்தப் பட்டாளம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தோற்றது. துப்பாக்கியில் இல்லை சார், கால்பந்தில்!

இடம் கல்கத்தா. வருஷம் 1911. ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்று ஒரு போட்டி. 1893-ல் ஆரம்பித்த நாள் முதல் ஒரு இந்திய டீம்கூட அதை ஜெயித்ததில்லை. அந்த வருஷம் களத்தில் இறங்கியது மோகன் பகான் கிளப். ஆட்டமே பிழைப்பு என்றிருந்தவர்கள் யாரும் அதில் இல்லை. முன்வரிசையில் ஆடிய அபிலாஷ் கோஷ், ஸ்காட்டிஷ் சர்ச் காலேஜ் மாணவர். பின்வரிசையில் ஆடிய சுதீர் சாட்டர்ஜி, பவானிபூர் மிஷன் காலேஜில் வாத்தியார். ஒருத்தர் பரீட்சை எழுதுகிறவர், இன்னொருத்தர் பேப்பர் திருத்துகிறவர். இரண்டு பேரும் ஒரே டீம்! ஆபீஸில் மேனேஜரும் நீங்களும் ஒரே டீமில் ஆடுவதை நினைத்துப் பாருங்கள். பந்தை யார் யாருக்குப் பாஸ் பண்ணுவது?

முதல் ரவுண்டில் மாட்டியது செயின்ட் சேவியர்ஸ் காலேஜ். 3-0. பாவம், அந்தக் காலேஜ் பையன்களை இன்றைக்கு யாருக்குத் தெரியும்? சாம்பியனிடம் முதலில் உதை வாங்குவதும் சரித்திரத்தில் இடம் பிடிக்க ஒரு வழி. அடுத்து ரேஞ்சர்ஸ், 2-1. ரைஃபிள் பிரிகேட், 1-0. செமி ஃபைனலில் மிடில்செக்ஸ் ரெஜிமென்ட்டோடு 1-1 டிரா. மறுபடி ஆடி, 3-0.

ஜூலை 29, ஃபைனல். எதிரே ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட். மைதானத்தைச் சுற்றி ஜனக்கடல். பின்னால் நின்றவர்களுக்குப் பந்தும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஸ்கோரைக் காற்றாடியில் எழுதி மேலே பறக்க விட்டார்கள். நேரடி ஒளிபரப்பு! இரண்டாம் பாதியில் முதல் கோல் பட்டாளத்துக்கு. கொஞ்ச நேரம்தான் பாக்கி. கேப்டன் சிப்தாஸ் பாதுரி ஒன்று போட்டுச் சமன் செய்தார். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் நம்ம காலேஜ் பையன் அபிலாஷ் இன்னொன்று. 2-1. அடுத்தபடியாக ஒரு இந்திய டீம் அந்த ஷீல்டைத் தொட 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்றால், இது எவ்வளவு பெரிய காரியம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதையை யார் சொன்னாலும் ‘வெறுங்காலில் ஜெயித்தார்கள்’ என்று முடிப்பார்கள். கேட்கும்போதே புல்லரிக்கும். ஆனால் பதினொரு பேரில் ஒருத்தர் பூட்ஸ் போட்டிருந்தார். அந்த வாத்தியார், சுதீர் சாட்டர்ஜி. அவரை மட்டும் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

போன மாசம் எங்கள் வீட்டில் இது பஞ்சாயத்துக்கே வந்துவிட்டது. அக்கா மகன் பி.காம். இரண்டாம் வருஷம். காலேஜ் டீமில் சேர்த்திருக்கிறார்கள். பூட்ஸ் வேண்டும் என்றான். என் அப்பா நாற்பது வருஷமாகக் குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்கிறவர். நான் சொல்லிச் சொல்லி மோகன் பகான் கதை அவருக்கு மனப்பாடம்.

“ஏண்டா, அவங்க வெறுங்கால்ல வெள்ளைக்காரனையே ஜெயிச்சாங்க. உனக்கு எதுக்கு ரெண்டாயிரம் ரூபா பூட்ஸு?”

“தாத்தா, அதுல ஒருத்தர் பூட்ஸ் போட்டிருந்தாரு. அவரு பேக்கு. நானும் பேக்கு!”

“அது எனக்கு முன்னாடியே தெரியும்டா.”

வீடே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. “செருப்பு போட்டுக்கிட்டு தறி மிதிச்சா மிதி தெரியாதுடா. காலுக்குத் தெரியணும்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வெறுங்காலில் பழகியவனுக்குப் பந்து சொன்னபடி கேட்கும். காய்ந்த தரையில் அவனைப் பிடிக்க முடியாது. மழை பெய்து தரை சேறானால்தான் வழுக்கும்.

அந்த மழையும் குளிரும் பின்னால் வந்தன. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்கால்தான். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டும், இரண்டு பெனால்டியைக் கோட்டைவிட்டு ஃபிரான்ஸிடம் 2-1 தோற்றோம். சரி, கௌரவமான தோல்வி. 1952-ல் ஹெல்சிங்கி குளிரில் யூகோஸ்லாவியா 10-1 என்று வெளுத்து வாங்கியது. அதற்கப்புறம்தான் பூட்ஸ் கட்டாயம் என்று சட்டம் போட்டார்கள். 1911-ல் ஒருத்தர் போட்டுக் காட்டியதை எல்லோரும் போட நாற்பது வருஷம்! வெறுங்காலை அளவுக்கு மீறிக் கொண்டாடியதும் அதற்கு ஒரு காரணம் என்பேன் நான். சண்டைக்கு வராதீர்கள்.

இதையெல்லாம் அப்பாவிடம் ஒரு பிரசங்கமாகவே செய்தேன். அவர் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. பையன் ஒன்றும் பேசாமல் வலது காலை நீட்டினான். எதிராளி பூட்ஸ் ஆணி ஏறி, கட்டைவிரல் நகம் பாதி இல்லை. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தறிக்குழியில் தொங்கிக்கொண்டிருந்த தன் காலைப் பார்த்தார்.

“அந்த வாத்தியாரு... அவருக்கு யாருடா வாங்கிக் குடுத்தாங்க?”

“அவரு சம்பாதிச்சாரு தாத்தா.”

இரண்டு நாள் அந்தப் பேச்சே இல்லை. சனிக்கிழமை புடவையை முடித்து அறுத்துக்கொண்டு போய்க் கூலி வாங்கி வந்தார். பணத்தை எண்ணிப் பேரன் கையில் கொடுத்தார்.

“ஒரு சைஸ் பெரிசா பாத்து வாங்குடா. வளர்ற கால்.”

பையனுக்கு வயது 19.