ஓடியும் எட்டாத உருவம்

14 நிமிடப் படம். வசனமே கிடையாது. மாயா டெரனும் அவருடைய கணவர் அலெக்ஸாண்டர் ஹம்மிடும் 1943-ல் லாஸ் ஏஞ்சலிஸில் தங்கள் வீட்டிலேயே எடுத்த ‘மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்’.

வீடு திரும்பும் ஒரு பெண் நாற்காலியில் கண்ணயர்கிறாள். கனவில் அதே தெரு, அதே படிக்கட்டு, அதே சாவி மறுபடி மறுபடி வருகின்றன. கறுப்பு அங்கி போர்த்திய உருவம் ஒன்று முன்னால் நடக்கிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி! அவள் ஓடுகிறாள், அது நடக்கத்தான் செய்கிறது. ஆனாலும் எட்டிப் பிடிக்க முடியவில்லை. ஒரு கட்டத்தில் சாவி கத்தியாகிவிடுகிறது.

‘ஒண்ணும் புரியலையே’ என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. ஆனால், ஆஸ்பத்திரி வராந்தாவில் விடிய விடிய உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும். பயம் வந்துவிட்டால் கடிகாரம் நேராக ஓடாது. இன்னும் நடக்காத ஒன்று, மனசுக்குள் நூறு தடவை நடந்து முடிந்திருக்கும்.

கடலூர் மாவட்டம் வளையமாதேவிக்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நெய்வேலி என்.எல்.சி-யின் இரண்டாவது சுரங்க விரிவாக்கத்துக்காக அந்தப் பகுதி நிலங்கள் 2006 முதல் 2013 வரையிலான வருடங்களில் கையகப்படுத்தப்பட்டன. பத்திரத்தில் நிலம் கைமாறிவிட்டது. பயிர் வைக்க வேண்டாம் என்றது நிறுவனம். இழப்பீடு போதாது, வேலை வேண்டும் என்று கேட்டுக்கொண்டே நாற்று நட்டார்கள் விவசாயிகள். தாளில் முடிந்துபோன நிலம், மண்ணில் மட்டும் விளைந்துகொண்டே இருந்தது.

2023 ஜூலை 26 அன்று, பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, போலீஸ் பாதுகாப்புடன் பொக்லைன்கள் வயலில் இறங்கின. பச்சை நெற்பயிர் மண்ணோடு புரண்டதைத் தமிழ்நாடே செல்போனில் பார்த்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய், மிச்சப் பயிரை அறுக்க செப்டம்பர் 15 வரை அவகாசம் என்று முடிவானது.

பயிருக்கு விலை போட்டாயிற்று. ‘இந்த முறையாவது அறுக்க விடுவாங்களா’ என்ற கேள்வியோடு வருடா வருடம் விதைநெல்லை ஊறப் போட்டார்களே, அந்த இரவுகளுக்கு எந்த நஷ்டஈட்டுப் பட்டியலிலும் இடமில்லை. டெரனின் படம் அந்த இரவுகளைத்தான் காட்டுகிறது. அதில் வரும் பெண்ணைப் பயத்திலேயே தேய வைப்பது, நடந்த எதுவும் இல்லை. நடக்குமோ என்ற காத்திருப்புதான்.

இன்று இரவு வீட்டில் எல்லோரும் சேர்ந்து அந்த 14 நிமிடங்களைப் பாருங்கள். முடிந்ததும் ‘புரிஞ்சுதா?’ என்று யாரையும் கேட்க வேண்டாம். ‘எந்த இடத்தில் பயந்தே?’ என்று கேளுங்கள். வீட்டுப் பெரியவர்கள் இதுவரை சொல்லாத ஏதோ ஒன்று அப்போது வெளியே வரலாம்.