72-இல் ஒரு பங்கு தூரம்

ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் பிளாஸ்டிக் கிட்டைப் பிரித்தால், இறக்கைத் துண்டின் மேல் மெல்லிய பள்ளக் கோடுகள் ஓடுவதைப் பார்க்கலாம். அசல் விமானத்தில் அலுமினியத் தகடும் தகடும் சேரும் இடங்கள் அவை. மாடல் கட்டுகிறவர்கள் பேனல் கோடு என்பார்கள். பெயிண்ட் அடித்துக் காய்ந்தபின், நன்றாக நீர்த்த கரும்பழுப்புக் கலவையைத் தூரிகை நுனியில் எடுத்துக் கோட்டின் ஓரிடத்தில் தொட்டால் போதும். அது பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு தானே ஓடும். வெளியே வழிந்ததை, காற்று இறக்கையைக் கடந்துபோகும் திசையிலேயே பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுக்க வேண்டும். அதுவரை பச்சையும் பழுப்பும் பூசிய பிளாஸ்டிக்காகக் கிடந்தது, அந்த நிமிஷத்தில் விமானமாகிவிடும். இப்போது அளவுகோலை எடுத்துப் பார்ப்போம். 11.23 மீட்டர் இறக்கை 1:72 அளவில் 15.6 சென்டிமீட்டர் ஆகியிருக்கிறது, அது சரி. பேனல் கோட்டின் அகலம் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். அதை 72-ஆல் பெருக்கினால் 18 மில்லிமீட்டர். நிஜ விமானத்தின் இறக்கை முழுக்கச் சுண்டுவிரல் தாராளமாக நுழைகிற வெடிப்புகள் ஓடுவதாக அர்த்தம். அளவுப்படி பார்த்தால் படுமோசமான தவறு. ஆனால் அந்தத் தவறைச் செய்தபிறகுதான் மாடலுக்கு உயிர் வருகிறது. இது ஏன் என்பதுதான் என் கேள்வி.

அதுவும் எந்த விமானத்தில் என்று பார்க்க வேண்டும். ஸ்பிட்ஃபயரை உருவாக்கிய சூப்பர்மரின் நிறுவனத்தார் அதன் மேல்தோல் வழவழப்பாக இருக்க வேண்டும் என்பதற்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல. தலை தட்டையாகத் தகட்டுக்குள் அமிழும் ரிவெட்டுகளை அடித்தார்கள். அப்படி அடிக்க நேரமும் செலவும் அதிகம். எந்தெந்த இடத்தில் சாதாரண உருண்டைத் தலை ரிவெட்டே போதும் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்காக உடைத்த பட்டாணிப் பருப்பை வாங்கி, ஒவ்வொரு ரிவெட்டின் தலைமேலும் ஒன்றாக ஒட்டிப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். எல்லா ரிவெட்டிலும் பருப்பு இருந்தபோது வேகம் மணிக்கு 22 மைல் குறைந்தது. பிறகு பகுதி பகுதியாகப் பருப்பைச் சுரண்டி எடுத்து மீண்டும் மீண்டும் பறந்தார்கள். காற்று எங்கே பொறுத்துக்கொள்கிறது, எங்கே பொறுப்பதில்லை என்பது அப்படித் தெரிந்தது. முழு அளவு விமானத்தின்மேல் பசையும் கையுமாக நின்று பருப்பு ஒட்டியவர்களைவிட மாடல்காரர்களுக்கு நெருங்கிய சொந்தம் வேறு யார்? அவர்கள் பருப்பளவு மேட்டைக்கூட அனுமதிக்காத இறக்கையில்தான் நாம் விரல் நுழையும் பள்ளம் தோண்டி, மையும் ஊற்றுகிறோம்.

வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம், இது ஒரு மரபு, பார்வையாளர் ஏற்றுக்கொண்ட பொய் என்பது. எனக்கு அது போதவில்லை. ஏற்றுக்கொண்ட பொய் என்றால் வேறு எந்தப் பொய்யும் அந்த இடத்தில் நின்றிருக்கலாம், நிற்பதில்லையே. கோட்டைச் சிவப்பில் தீட்டினால் யாரும் ஏற்க மாட்டார்கள். மாடல் எதைச் சுருக்குகிறது என்பதைப் பற்றிய நம் எண்ணமே பிழை என்று எனக்குத் தோன்றுகிறது. விமானத்தைச் சுருக்குவதாக நினைக்கிறோம். உண்மையில் நமக்கும் விமானத்துக்கும் நடுவிலுள்ள தூரத்தைச் சுருக்குகிறோம். 1:72 மாடலை ஓரடி தள்ளி, அதாவது 30 சென்டிமீட்டரில் வைத்துப் பார்க்கிறவர், அசல் விமானத்திலிருந்து 21.6 மீட்டர் தள்ளி நிற்கிறார். ஓடுதளத்தின் ஓரத்தில் நின்று பார்க்கும் தூரம். அங்கே நிற்பவர் கண்ணுக்கு என்ன தெரியுமோ அதைக் கொடுப்பதே மாடலின் வேலை.

இந்த அளவின் சரித்திரமும் அதைத்தான் சொல்கிறது. ஆறடி மனிதன் ஓரங்குலம் ஆவான் என்பதால் 72 என்ற எண் வந்தது. 1930களில் பிரிட்டனில் மரத்தில் வந்த ஸ்கைபேர்ட்ஸ் மாடல்களும், 1936-இல் பிளாஸ்டிக்கில் வந்த ஃப்ராக் பெங்குவின் கிட்டுகளும் அதையே பின்பற்றின. ஆனால் அந்த அளவு ஊரெங்கும் வேர்விட்டது போரினால். 1942-இல் அமெரிக்கக் கடற்படை நாட்டின் பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் விமான மாடல்கள் செய்து தரச் சொன்னது. வானத்தில் வருவது நம்முடையதா எதிரியுடையதா என்று பீரங்கி வீரர்களும் காவலர்களும் நொடியில் சொல்லப் பழக வேண்டும். அதற்கான பாடப் பொருள்கள் அவை. மாணவர்கள் மரத்தைச் செதுக்கி, அச்சு அட்டையை வைத்துச் சரிபார்த்துச் செய்தார்கள். இந்த 1:72 மாடலை 35 அடி தள்ளித் தொங்கவிட்டுப் பார்த்தால், அசல் விமானம் ஏறத்தாழ அரை மைலில் வருவதுபோல் தெரியும். பெருக்கிப் பார்க்கலாம்: 2,520 அடி. தூரத்துக்காகவே அளவு. அரை மைலில் எது தெரியாதோ அதெல்லாம் அந்த மாடல்களில் கிடையாது. நிறமில்லை, எண்ணில்லை, பேனல் கோடில்லை, முழுக்கக் கருப்பு. வெளிக்கோட்டு உருவம் மட்டும். அந்தக் கருப்பு மாடல்களைக் குறைபட்டவை என்று யாரும் சொல்ல முடியாது. தமக்குரிய தூரத்துக்கு அவை முழு உண்மை. போர் முடிந்து அதே 1:72 மேஜைக்கு வந்தபோது பார்வை 35 அடியிலிருந்து ஓரடிக்கு நெருங்கியது. அரை மைல் இருபது மீட்டராகச் சுருங்கியது. அப்போதுதான் பெயிண்டுக்கு வேலை வந்தது.

இருபது மீட்டரில் என்ன தெரியும்? நல்ல கண்ணுக்கு, அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்தறியும் திறன் கோண அளவில் ஒரு பாகையின் 60-இல் ஒரு பங்கு. 21.6 மீட்டரில் அது 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். தகடுகள் சேரும் இடைவெளி அதைவிட மிகக் குறைவு, ஆகவே அதன் அகலத்தைக் கண் அளக்க முடியாது. ஆனால் தெரியாமல் போய்விடுமா என்றால் போகாது. வெகுதூரத்து மின்கம்பி வானத்தின் முன்னால் கோடாகத் தெரிகிறது. அதன் தடிமன் கண்ணின் அளவெல்லைக்கு எவ்வளவோ கீழே. நீளமான, கருமையான கோட்டைக் கண் அகலமாகப் பார்ப்பதில்லை, சாயலாகப் பார்க்கிறது. ஸ்பிட்ஃபயரின் தகடு விளிம்பும் அதில் படிந்த எண்ணெய் அழுக்கும் ஓடுதளத்தின் ஓரத்தில் நிற்பவருக்கு அப்படித்தான் தெரியும். மாடலில் அதே சாயலை வரவழைக்கப் பள்ளமும் மையும் ஒரு வழி. இதிலிருந்து ஒரு கட்டுப்பாடும் பிறக்கிறது, அது எனக்கு முக்கியம். கோடு சாயலாகத் தெரியவேண்டுமே தவிரக் கோடாகத் துருத்தக்கூடாது. பச்சைப் பகுதியில் கரும்பச்சை, பழுப்பில் கரும்பழுப்பு. எல்லா இடத்திலும் ஒரே கருப்பை ஊற்றிச் சதுரக் கட்டமாக்கிவிட்ட மாடல்கள், எவ்வளவு சுத்தமாகக் கட்டியிருந்தாலும், தூரத்தைத் தவறாகச் சொல்கின்றன. கண்ணுக்குத் தோன்றுவதே அளவுகோல் என்றால் எதை வேண்டுமானாலும் செய்யலாமே என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். தூரம் மிகக் கறாரான அளவுகோல். இந்தக் கோடு அதிகம், அந்த ரிவெட் வரிசை தேவையில்லை என்று அது எண் போட்டுச் சொல்லும்.

இந்த வாதத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனால் ஓரிடத்தில் முட்டும். அனுபவமுள்ளவர்கள் அசல் நிறத்தை அப்படியே பூசுவதில்லை. கொஞ்சம் வெள்ளை கலப்பார்கள். தொலைவில் இருப்பவை காற்றின் மங்கலில் வெளிறித் தெரியும், தூரத்து மலை நீலமாவதுபோல; மாடலும் தூரத்தில் இருப்பதாகத்தான் கணக்கு; ஆகவே வெளுக்க வேண்டும் என்று காரணம் சொல்வார்கள். இருபது மீட்டர் காற்றுக்கு எந்த நிறத்தையும் வெளுக்கும் சக்தி இல்லை. என் வாதப்படியே பார்த்தால் வெள்ளை கலப்பது தவறாக வேண்டும். ஆனால் கலந்த மாடல்தான் சரியாகத் தெரிகிறது. காரணம் வேறு என்று நினைக்கிறேன். நல்ல வெயிலில் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸை எட்டும். வீட்டு அறையில் சில நூறுதான். வெளிச்சம் குறையக் குறைய நிறங்களின் செறிவும், ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாடும் கண்ணுக்குக் குறைகின்றன. பிரிட்டிஷ் விமானப்படையின் கரும்பச்சையும் மண்பழுப்பும் வெயிலில் தனித்தனியே நிற்பவை. அறை வெளிச்சத்தில் இரண்டும் ஒரே இருட்டாக ஒட்டிக்கொள்ளும். வெள்ளை கலப்பவர் அறைக்குள் வெயிலைக் கொண்டுவருகிறார். பழக்கம் சரி, அதற்குச் சொல்லப்படும் விளக்கம்தான் சரியில்லை.

ஆக, தூரத்தைச் சுருக்கினாலும் கூடவே சுருங்காத சில உண்டு. வெளிச்சம் அதில் முதன்மையானது. தண்ணீர் இன்னொன்று: மாடலின் சக்கரத்தருகே நிஜத் தண்ணீரை ஒரு சொட்டு விட்டால் அது மழைக்குட்டையாகப் பரவாது, குமிழாக எழுந்து நிற்கும். தூசி சுருங்காது, 0.1 மில்லிமீட்டர் துகள் 7 மில்லிமீட்டர் கூழாங்கல். நேரம்கூடச் சுருங்காது. 1:72 மாடல் விமானம் விழுந்து நொறுங்குவதைப் படம்பிடிக்கிறவர்கள், 72-இன் வர்க்கமூலமான எட்டரை மடங்கு வேகத்தில் படமெடுத்து மெதுவாக ஓட்டினால்தான் அது கனமான பொருளாக விழும். மாடலைச் சுற்றுப்புறத்தோடு சேர்த்து ஒரு காட்சியாக அமைக்கும் டயோராமா செய்கிறவர் இதில் தப்பித்தார். அவர் நேரத்தை நிறுத்திவிடுகிறார், தண்ணீரைப் பிசினால் செய்கிறார், சேற்றுக்கு நிறமிப் பொடியைத் தேய்க்கிறார். வெயிலுக்குத்தான் வழியில்லை. சூரியன் வானில் அரைப் பாகை அகலமே. அதன் நிழல் கூர்மையாக விழும். அறையின் குழல்விளக்கு எல்லாப் பக்கமும் மழுங்கிய நிழல் தரும். அதனால்தான் சிலர் இறக்கையின் அடியிலும் மடிப்பிலும் நிழலைப் பெயிண்டாகவே பூசிவிடுகிறார்கள். இதற்கு வரும் ஆட்சேபம் நியாயமானது: பூசிய நிழல் அசையாது, மாடலைத் திருப்பினால் சூரியன் தவறான திசையில் நிற்கும். அமெரிக்கரான ஷெப்பர்ட் பெயின் இதற்குக் கண்ட தீர்வு எனக்குப் பிடித்தமானது. 1980-இல் டயோராமா பற்றி அவர் எழுதிய புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு தலைமுறையே கட்டக் கற்றது. காட்சியைப் பெட்டிக்குள் வைத்து, உள்ளேயே விளக்குப் போட்டு, ஒரு சாளரம் வழியாக மட்டும் பார்க்கவிட்ட பெட்டி டயோராமாக்களை அவர் செய்தார். பார்ப்பவர் எங்கே நிற்பார், வெளிச்சம் எங்கிருந்து வரும் என்ற இரண்டும் செய்தவர் கைக்குள் வந்துவிட்டன.

பெட்டிக்குள் வைத்த காட்சி என்றதும், விமானத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. ஃபிரான்செஸ் கிளெஸ்னர் லீ என்ற அமெரிக்கப் பெண்மணி 1940களில் மர்ம மரணங்கள் நிகழ்ந்த அறைகளைச் சிறிதாக்கிச் செய்தார். ஹார்வர்டில் பயிற்சிக்கு வந்த போலீஸ்காரர்கள் தடயம் பார்க்கப் பழகுவதற்கு அவை. இன்று 18 அறைகள் பால்டிமோரில் சந்தேக மரணங்களை ஆராயும் மருத்துவ அலுவலகத்தில் இருக்கின்றன. அளவு 1:12, அடிக்கு ஓரங்குலம். கதவு திறக்கும், விளக்கு எரியும். பொம்மைகளின் காலுறையைக் குண்டூசிகளால் பின்னினார். கார்பன் மோனாக்சைடு வாயுவால் இறந்தவரின் தோலில் ஏறும் சிவப்பைத் தீட்டினார், ஏனென்றால் அந்தச் சிவப்புதான் சாட்சி. அத்தனை நுணுக்கம் எதற்கு என்று கேட்டால், தூரத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓரடியில் குனிந்து பார்க்கும் போலீஸ்காரர் 3.6 மீட்டரில் நிற்கிறார்: அறையின் வாசற்படி. வாசலில் நிற்கும் துப்பறிவாளருக்குத் தெரிய வேண்டியதையெல்லாம் லீ கொடுத்தார். கடற்படையின் கருப்பு மாடலும் லீயின் பின்னிய காலுறையும் எதிரெதிர் துருவங்களாகத் தோன்றும். இரண்டுக்கும் விதி ஒன்றுதான்.

கடைசியாக, என் வாதத்துக்கு மிகப் பெரிய சங்கடம் காக்பிட். மாடல் என்பது இருபது மீட்டர் பார்வை என்றால், உடலின் இரு பாதிகளையும் ஒட்டியதும் மறைந்துபோகும் விமானி அறையைப் பல மாலைகள் செலவிட்டுத் தீட்டுகிறார்களே, அது என்ன? உள்சுவருக்குச் சாம்பல்பச்சை, பிசின் ஏற்றி அழுத்திய இருக்கைக்குச் செம்பழுப்பு, நடுவிலுள்ள ஆறு கருவிகளின் வட்டங்களுக்கு ஒற்றை முடித் தூரிகையால் வெள்ளை முள். இதில் ஒரு பகுதிக்கு என் கணக்கே இடம் தருகிறது. இருட்டுக்குள் தோள்பட்டை வாரின் வெளிறிய கோடு தூரத்திலிருந்தும் தெரியும். வெறும் குழியும் இருக்கையுள்ள குழியும் கண்ணுக்கு ஒன்றல்ல. ஆனால் அந்த ஆறு முட்களுக்கு இடம் தராது. அவற்றைத் தீட்டுகிறவர் பார்ப்பவருக்காகத் தீட்டவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த இருபது வயதுப் பையன் எதைப் பார்த்துக்கொண்டு பறந்தான் என்று தெரிந்துகொள்வதற்காகத் தீட்டுகிறார். அது படிப்பு. கையால் செய்யும் ஆராய்ச்சி. எனக்கு அதன்மேல் மிகுந்த மரியாதை உண்டு. அதை மாடலின் தோற்றத்தோடு சேர்த்து ஒரே தராசில் நிறுப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

போட்டிகளில் அதுதான் நடக்கிறது. நடுவர் சிறு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து காக்பிட்டுக்குள் பார்க்கிறார், சக்கர அறைக்குள் பார்க்கிறார். பிழையை எண்ணுவதுதான் நடுநிலை, தள்ளி நின்று பார்த்தால் தீர்ப்பு அவரவர் ருசிக்குப் போய்விடும் என்கிறார்கள். தள்ளி நின்று பார்த்தால் தெரியும் பிழைகளும் அளக்கக்கூடியவைதான். ஸ்பிட்ஃபயரின் இறக்கை உடலிலிருந்து 6 பாகை மேல்நோக்கி எழ வேண்டும். ஒரு பக்கம் 6-உம் மறுபக்கம் 4-உமாக ஒட்டியிருந்தால், முன்னாலிருந்து பார்க்கும் எவருக்கும் விமானம் நொண்டும். வால் சாய்ந்திருப்பது, சக்கரங்கள் இரண்டும் இருவேறு திசை பார்ப்பது, உடலின் முதுகில் ஒட்டுத்தடம் மேடாக நிற்பது எல்லாம் அப்படியே. மேஜையின் முன் ஓரடி தள்ளி ஒரு கோடு போட்டு, முதல் மதிப்பெண்ணை அங்கிருந்தே போடச் சொல்ல வேண்டும். டார்ச்சை அதன்பிறகு எடுத்துக்கொள்ளட்டும்.