என் போனில் குடியிருக்கும் பழைய கீபோர்டு

போன வருஷம் ஒரு செகண்ட்ஹேண்ட் போன் வாங்கினேன். வெள்ளைப் பக்கம் எதையாவது திறந்தால் அடியில் மங்கலாக ஒரு கீபோர்டு தெரியும். நான் டைப் பண்ணாதபோதும்! கடைக்காரரிடம் போய்க் காட்டினால், "தம்பி, அது ஓஎல்ஈடி டிஸ்ப்ளே. அப்படித்தான் படியும். மாத்தணும்னா நீங்க குடுத்த காசுல பாதி ஆகும்" என்றார். போன காசு போனது, காரணமாவது தெரியட்டும் என்று படிக்க ஆரம்பித்தேன்.

ஓஎல்ஈடியில் முதல் எழுத்து 'ஆர்கானிக்'. இயற்கை உரம் போட்ட கத்தரிக்காய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லீங்க. கார்பன் மூலக்கூறுகளால் ஆனது, அவ்வளவுதான். பிளாஸ்டிக் என்றால் மின்சாரம் பாயாது என்றுதானே ஸ்கூலில் படித்தோம்? 1977ல் ஹீகர், மெக்டயார்மிட், ஷிரகாவா மூவரும் பாலிஅசிட்டிலினில் அயோடின் சேர்த்து அதில் மின்சாரம் பாய வைத்தார்கள். 2000ல் நோபல் கிடைத்தது.

அதை விளக்காக்கியது வேறு கதை. 1987ல் கோடாக் கம்பெனியின் சிங் டாங்கும் வான் ஸ்லைக்கும் தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லியதாக இரண்டு ஆர்கானிக் அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார்கள். ஒரு பக்கம் எலக்ட்ரான், மறுபக்கம் எலக்ட்ரான் இல்லாத காலி இடம். இரண்டும் நடுவில் சந்தித்தால் வெளிச்சம். 10 வோல்ட்கூடத் தேவைப்படவில்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிவதால், அணைத்தால் சுத்தமான கறுப்பு.

சிக்கலும் அங்கேதான். எரிய எரிய அந்த மூலக்கூறுகள் கெட்டுப்போகும். நீல ஒளிக்குச் சக்தி அதிகம் என்பதால் நீலப் புள்ளிதான் சீக்கிரம் போகும். பல போன்களில் அதைக் கொஞ்சம் பெரிசாகவே வைக்கிறார்கள். பி.காம் மாணவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் இது நேர்கோட்டு முறைத் தேய்மானம் இல்லை, மெஷின் ஓடின மணிக்கணக்குத் தேய்மானம். எனக்கு முன்னால் வைத்திருந்த புண்ணியவான் வெள்ளைக் கீபோர்டில் ராப்பகலாக அரட்டை அடித்திருக்கிறார். தேய்ந்தது அவர் கணக்கு, பாக்கி மதிப்பு என் கையில் :)

இன்னொன்று. கோடாக் என்றாலே டிஜிட்டல் கேமராவைக் கோட்டைவிட்ட கம்பெனி என்றுதான் கிளாஸில் சொல்வார்கள். 2003லேயே ஓஎல்ஈடி திரையோடு கேமரா விற்றவர்களும் அவர்களேதான். 2009 டிசம்பரில் அந்தப் பிரிவை எல்ஜி குழுமத்துக்கு விற்றார்கள். 2012 ஜனவரியில் திவால் மனு. எனக்கு இதுதான் டிஜிட்டல் கேமராவைவிடப் பெரிய சோகமாகத் தெரிகிறது.

இப்போது கீபோர்டைக் கறுப்பு நிறத்துக்கு மாற்றிவிட்டேன். பழையது மட்டும் காலி பண்ணாமல் அங்கேயே இருக்கிறது.