கண்ணாடிக் கப்பலில் ஒரு கச்சேரி

டோக்கியோவில் யுராகுசோ ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், பக்கத்திலேயே ஒரு கண்ணாடிக் கப்பல் நிற்கிறது! உண்மையில் அது கப்பலல்ல. 1997-ல் திறக்கப்பட்ட டோக்கியோ சர்வதேச மன்றம். அண்ணாந்து பார்த்தேன். சுமார் 60 மீட்டர் உயரத்தில், விலா எலும்புகளைப் போல் இரும்புச் சட்டங்கள்!

மன்றத்தின் பெரிய அரங்கில் ஐயாயிரம் பேர் உட்காரலாம். 2011 மார்ச் 11-ந் தேதி பூமி அதிர்ந்தது. கடல் பொங்கி வடகிழக்குக் கரையை வாரிக்கொண்டு போயிற்று. ஜூன் 9-ந் தேதி, இதே அரங்கில் ஜோ ஹிசாயிஷி பியானோ முன் அமர்ந்தார். 'டொட்டோரோ' முதலிய கார்ட்டூன் படங்களுக்கு இசையமைத்தவர். கச்சேரி, நிவாரண நிதிக்காக.

வீடிழந்த குழந்தைகளும் அந்தப் படங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள்தானே? அவர்களைச் சிரிக்க வைத்த இசை, அன்று அவர்களுக்காகக் கையேந்தியது!